சிகரெட் அட்டை நடிகைகள்: அசலா, போன வருஷத்துப் பிரிண்டா?

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய நாணயம், தபால்தலை விரித்திருப்பவர்களிடம் எப்போதாவது சிகரெட் அட்டை நடிகைகள், அதாவது அந்தக்கால சிகரெட் பாக்கெட்டுக்குள் வந்த நடிகை படங்கள், தலைகாட்டுவார்கள். "நூறு வருஷம் சார்" என்பார்கள். இருக்கலாம். போன வருஷம் அடித்ததாகவும் இருக்கலாம்.

அந்தக் காலத்துப் பாக்கெட் வெறும் காகிதம். சிகரெட் நசுங்காமலிருக்க உள்ளே ஒரு அட்டை செருகினார்கள். அதை ஏன் சும்மா விடவேண்டும் என்று 1880-களில் ஆலன் அண்ட் ஜின்டர், டியூக் போன்ற அமெரிக்கக் கம்பெனிகள் நாடக நடிகைகளின் படம் போட்டன. வாங்குவது ஆண்கள், வேறு யார் படத்தைப் போடுவார்கள்! இந்தியாவுக்கென்று வந்ததில் தேட வேண்டியது பிரிட்டிஷ் கம்பெனியான வில்ஸின் 'சிசர்ஸ்' சிகரெட்டோடு வந்த அட்டைகள்.

முதலில் ஸ்கேல். பிரிட்டிஷ் அட்டையின் வழக்கமான அளவு 68 × 36 மி.மீ. ஒரு பக்கம் மட்டும் குறைந்தால், மழுங்கிய மூலையை மறைக்க ஓரம் நறுக்கியிருக்கிறார்கள். விலை பாதியானாலும் யோசிக்கணும்.

அடுத்து வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் மாட்டும் 10 மடங்கு லென்ஸ். வண்ண அட்டையில் கன்னத்தைப் பாருங்கள். பழைய கல்லச்சில் (கல்லில் வரைந்து அச்சடிக்கும் முறை) புள்ளிகள் கையால் குத்தியவை. சிறிசும் பெரிசுமாக, ஒழுங்கில்லாமல் கிடக்கும். நாலு நிறப் புள்ளி பூப்போல வட்டம் கட்டி வரிசையாக நின்றால் இன்றைய ஆஃப்செட். அசல் போட்டோ ஒட்டிய அட்டையில் புள்ளியே இருக்காது. சந்தேகம் தீராவிட்டால் கள்ளநோட்டு பார்க்கும் விளக்கில் காட்டுங்கள். பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் காகிதம் 1950-க்குப் பிந்தியது. ஒளிராததாலேயே அசல் என்று முடிவு கட்டவேண்டாம்.

முட்டை வெள்ளைக்கரு பூசிய பழைய போட்டோ உள்நோக்கிச் சுருண்டிருக்கும். புத்தகத்தடியில் வைத்து அழுத்தினால் மேல்பூச்சு நடிகையின் முகத்திலேயே வெடிக்கும். தண்ணீரில் ஊறவைப்பது அதைவிடப் பாவம். சுருண்டபடியே இருக்கட்டும்.

கடலோர ஊரில் பாதுகாப்பதுதான் பெரிய பாடு. பிவிசி உறை நாளடைவில் பிசுபிசுத்து மையைப் பிடித்துக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் உறை கேளுங்கள். லேமினேஷன் கூடவே கூடாது. அந்துருண்டை பூஞ்சைக்கு எதுவும் செய்யாது. காற்றுப்புகாத டிபன் டப்பாவும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஐப்பசி மழையில் டப்பாவை மூடினால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டியதாகிவிடும். பங்குனி வெயிலில் காற்று காய்ந்திருக்கும் மத்தியானம் பார்த்து மூடுங்கள். ஜெல் நிறம் மாறினால் மாற்றுங்கள்.