கின்டர் ஸ்கௌட் மேட்டில் இரண்டு மீட்டர் கயிற்றுடன்

இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்கு நாயுடன் போக நினைக்கும் நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அங்கே நாயை அவிழ்த்துவிடலாமா?" என்பதைத்தான். இதற்குச் சட்டம் சொல்லும் பதில் ஒன்று உண்டு. நான் கடைப்பிடிக்கும் பதில் அதைவிடக் கொஞ்சம் கண்டிப்பானது. இரண்டுக்கும் உரிய காரணங்களை, நானும் எங்கள் நாய் மணியும் அடிக்கடி நடக்கும், அந்தப் பூங்காவின் கின்டர் ஸ்கௌட் என்ற மேட்டுச் சுற்றுப்பாதையை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

ஹேஃபீல்டு கிராமத்தை அடுத்துள்ள பௌடன் பிரிட்ஜ் என்ற பழைய கல்குவாரியில் காரை நிறுத்திவிட்டு ஏறத் தொடங்குவது வழக்கம். குவாரிச் சுவரில் ஒரு நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று, பென்னி ராத்மேன் என்ற இளைஞர் முன்னின்று நடத்த, மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் சில நூறு பேர் இங்கிருந்து புறப்பட்டு, க்ரௌஸ் பறவை வேட்டைக்காகப் பொதுமக்களுக்கு மூடிவைக்கப்பட்டிருந்த மேட்டு நிலத்துக்குள் வேண்டுமென்றே அத்துமீறி நுழைந்தார்கள். அவர்களில் ஐந்து பேருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. 1951-இல் பீக் டிஸ்ட்ரிக்ட் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவானது. ஆனாலும் பாதையை விட்டு விலகித் திறந்த மேட்டில் நடக்கும் பொது உரிமை 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் எழுத்தில் வந்தது. நாய்களுக்கான நிபந்தனைகளும் அதே சட்டத்தில்தான் இருக்கின்றன.

அந்த நிபந்தனை எளிமையானது. இப்படித் திறந்துவிடப்பட்ட மேட்டு நிலத்தில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை இரண்டு மீட்டருக்கு மேற்படாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். ஆடுமாடுகள் அருகில் இருந்தால் ஆண்டு முழுவதும் அப்படியே. பழைய பொதுவழிகளுக்கு இந்த இரண்டு மீட்டர் விதி பொருந்தாது, அங்கே நாய் கட்டுப்பாட்டில் இருந்தால் போதும் என்பது விலக்கு. ஆக, ஒரே மேட்டில், ஒரே நாளில், பாதைமீது நிற்கும் நாய்க்கு ஒரு விதியும் பாதையை விட்டு இறங்கிய நாய்க்கு இன்னொரு விதியுமாக இருக்கிறது. இது போதாதென்று, க்ரௌஸ் வேட்டை நடக்கும் மூர் எனப்படும் இத்தகைய மேட்டு நிலங்களில் வழிகாட்டி நாய்களைத் தவிர மற்ற நாய்களை ஐந்தாண்டு வரை முற்றிலும் விலக்கிவைக்கவும் உரிமையாளருக்கு அதிகாரம் உண்டு. குஞ்சுகளைக் காப்பாற்ற ஊரார் நாய்களை வெளியே நிறுத்திவிட்டு, ஆகஸ்ட் 12 அன்று வேட்டை தொடங்கியதும் சொந்த வேட்டை நாய்களை அதே நிலத்தில் இறக்குகிறார்கள் என்பதை அறிவிப்புப் பலகையில் எழுதுவதில்லை.

மணி ஒரு ஸ்ப்ரிங்கர் ஸ்பேனியல். புதரில் பதுங்கியிருக்கும் பறவையை மோப்பம் பிடித்து எழுப்பிவிடுவதற்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுக்கப்பட்ட இனம் அது. நீர்த்தேக்கத்தைத் தாண்டி, வில்லியம் க்ளஃப் என்ற ஓடைப் பள்ளத்தாக்கில் ஏறும்வரை என்னைத் திரும்பிப் பார்த்துப் பார்த்து நடப்பவன், மேலே ஹெதர் செடிகள் தொடங்கியதும் வேறு நாயாகிவிடுவான். மூக்கு தரையோடு ஒட்டிக்கொள்ளும், வெட்டுண்ட குட்டை வால் விடாமல் துடிக்கும். பிறகு திடீரென எல்லாம் நின்று, முன்னங்கால் ஒன்று மடங்கியபடி, கயிறு கம்பிபோல் விறைத்துவிடும். அந்த நேரத்தில் அவன் மூக்கு காட்டும் திசையில் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அங்கே ஏதோ ஒன்று அடைகாத்துக்கொண்டிருக்கிறது என்பது பெரும்பாலும் உண்மையாக இருக்கும்.

மரமே இல்லாத இந்த மேட்டில் பறவைகள் தரையில்தான் கூடு கட்டியாக வேண்டும். நீண்டு வளைந்த அலகுடைய கர்லூ, நம் ஊர் ஆள்காட்டியின் உறவினமான லாப்விங், முதுகில் பொன்புள்ளிகள் தெளித்த கோல்டன் ப்ளோவர் எல்லாம் அப்படித்தான். கோல்டன் ப்ளோவர் வழக்கமாக நான்கு முட்டைகள் இட்டு, ஏறத்தாழ ஒரு மாதம் அடைகாக்கும். பொரிந்ததுமே குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கித் தாமே இரை தேடத் தொடங்கிவிடும். பாசியின் நிறத்திலேயே இருப்பதால் கால் வைத்தாலும் கண்ணுக்குப் புலப்படாது. "எங்கள் நாய் எதையும் கடிக்காது" என்று சொல்பவர்கள் உண்மையைத்தான் சொல்கிறார்கள், ஆனால் இங்கே பிரச்சினை கடிப்பது அல்ல. நாய் நெருங்கினால் அடைகாக்கும் பறவை எழுந்துவிடும். அது திரும்பி வரும்வரை அந்த மேட்டுக் குளிர்காற்றில் முட்டைகள் ஆறிக்கொண்டிருக்கும், குஞ்சுகள் இரை தேடாமல் பதுங்கியே கிடக்கும், காகமும் பருந்தும் பார்த்துக்கொண்டிருக்கும். இதற்கு நாய் நல்ல குணமுள்ளதாக இருப்பதால் எந்தப் பயனும் இல்லை.

வில்லியம் க்ளஃப் முடியும் ஆஷாப் ஹெட்டில் வலப்பக்கம் திரும்பினால் கின்டர் மேடு. இடப்பக்கம் போனால் மில் ஹில், அதற்கப்பால் ஸ்னேக் பாஸ் சாலை. இரண்டு பக்கமும் செல்வது பென்னைன் வே என்ற நெடும்பாதைதான். ஸ்னேக் பாஸ் உச்சிப் பகுதியில் நடந்த ஓர் ஆய்வுதான் என் மனத்தை உறுதிப்படுத்தியது. 1994-இல் அங்கே கல் பாவுவதற்கு முன்பு, நடப்பவர்களில் 30 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சேற்றுக்குப் பயந்து பாதையை விட்டு விலகி நடந்தார்கள். குஞ்சு வளர்க்கும் பருவத்தில் கோல்டன் ப்ளோவர்கள் பாதையிலிருந்து 200 மீட்டர் தூரம்வரை நெருங்கவே இல்லை. கல் பாவிய பிறகு 96 சதவீதம் பேர் கல்லை விட்டு இறங்கவில்லை. பறவைகள் விலகி நிற்கும் தூரம் கூட்டம் மிகுந்த வார இறுதிகளில்கூட 50 மீட்டராகக் குறைந்துவிட்டது. ஆட்கள் குறைந்ததால் வந்த மாற்றம் அல்ல இது. மனிதர்கள் எந்தக் கோட்டில் வருவார்கள், எந்தக் கோட்டைத் தாண்ட மாட்டார்கள் என்பது பறவைக்குப் பிடிபட்டுவிட்டால் அது பக்கத்திலேயே வாழப் பழகிக்கொள்கிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அவிழ்த்துவிட்ட நாய் அந்தக் கோட்டை அழித்துவிடும். அதனால் பொதுவழியில் சட்டம் கேட்காவிட்டாலும் நான் கயிற்றை அவிழ்ப்பதில்லை.

அந்தப் பாவுகற்களைக் குனிந்து பார்ப்பது எனக்குப் பிடிக்கும். இடித்துத் தள்ளிய பழைய ஆலைகளின் தரையிலிருந்து கொண்டுவந்த கற்கள் அவற்றில் பல. இயந்திரங்களை முடுக்கி நிறுத்திய துளைகளும் தேய்ந்த பள்ளங்களும் இன்னும் அப்படியே இருக்கின்றன, மழை நாளில் மணிக்கு அவை குடிநீர்க் கிண்ணங்கள். இந்த மேட்டைப் பாழாக்கியதிலும் ஆலைகளுக்குப் பங்கு உண்டு. மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆலைகள் கக்கிய கந்தகப் புகை மழையோடு இறங்கி ஸ்பேக்னம் பாசியைக் கொன்றது. பாசி போனதும், அது மட்கி உருவாகியிருந்த பீட் என்ற கறுப்பு மண் வெறுமையாகி, தீயிலும் ஆடுகளின் மேய்ச்சலிலும் மழையிலும் அரித்துக்கொண்டு போனது. 2003 முதல் மூர்ஸ் ஃபார் த ஃப்யூச்சர் என்ற கூட்டமைப்பினர் சுண்ணாம்பும் புல்விதையும் தூவி, ஹெதர் தழை பரப்பி, ஓடைப் பள்ளங்களை அடைத்து, பாசிக் கன்றுகளைக் கையால் நட்டு வருகிறார்கள். பீட் மண் ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் சேரும். மணி உற்சாகத்தில் முன்னங்கால்களால் பத்து சென்டிமீட்டர் பறித்துவிட்டால் ஒரு நூற்றாண்டு காற்றில் போய்விடும் என்பது கணக்கு.

ஆடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சினை ஆட்டை நாய் துரத்தினாலே போதும், கரு கலைந்துவிடக்கூடும். வேறு வழியின்றி நாயைச் சுடும் விவசாயிக்கு 1971-ஆம் ஆண்டுச் சட்டம் சில நிபந்தனைகளோடு பாதுகாப்பும் தருகிறது. மாடுகள் நம்மைத் துரத்தினால் மட்டும் கயிற்றை உடனே விட்டுவிட வேண்டும், நாய் தப்பித்துக்கொள்ளும்.

கின்டர் டௌன்ஃபாலில்தான் நாங்கள் சாப்பிட உட்காருவோம். மேற்குக் காற்று பலமாக வீசும் நாட்களில் அந்த அருவி கீழே விழாமல் மேல்நோக்கித் தூவும். உணவுப் பொட்டலத்தைப் பிரிக்கவே முடியாது. அங்குள்ள நீர்க்குட்டைகளில் இறங்க மணி படும் பாட்டைச் சொல்லி முடியாது, ஆனால் நான் விடுவதில்லை. உண்ணிக்கும் தெள்ளுக்கும் நாயின் பிடரியில் விடும் சொட்டு மருந்துகளில் ஃபிப்ரோனில், இமிடாகுளோப்ரிட் போன்ற பூச்சிக்கொல்லிகள் இருக்கின்றன, நாய் நீரில் இறங்கினால் அவை அதில் கலந்துவிடக்கூடும். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், இங்கிலாந்தின் 20 ஆறுகளில் எடுத்த நீர் மாதிரிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஃபிப்ரோனில் இருந்தது. ப்ளோவர் குஞ்சுகள் உண்டு வளர்வதே ஈர மண்ணில் பிறக்கும் பூச்சிகளைத்தான். மருந்தைத் தவிர்க்கவும் முடியாது, ஏனென்றால் ஹெதரிலும் பெரணியிலும் காத்திருக்கும் உண்ணி லைம் நோயைப் பரப்பக்கூடியது. ஆகவே கால்நடை மருத்துவரிடம் கேட்டு மாத்திரைக்கு மாறினோம். வீடு திரும்பியதும் அவன் காதுமடலின் உள்பக்கம், அக்குள், விரலிடுக்கு என்று விரலால் தடவிப் பார்த்து, ஒட்டியிருப்பதை உண்ணிக் கொக்கியால் திருகி எடுக்கிறோம். விரலால் நசுக்கிப் பிடுங்கக் கூடாது.

ஆகஸ்ட் பிறந்ததும் சட்டத்தின் பிடி தளர்கிறது, ஹெதரும் ஊதா நிறத்தில் பூத்துவிடுகிறது. அப்போதுதான் பலர் நாயை அவிழ்க்கிறார்கள். குளிர்காலத்திலும் நான் அவிழ்ப்பதில்லை என்றால் அதற்குக் காரணம் மலைமுயல். விக்டோரியா காலத்தில் வேட்டைக்காகக் கொண்டுவந்து விடப்பட்ட அவற்றின் சந்ததி, இங்கிலாந்திலேயே பீக் டிஸ்ட்ரிக்டில் மட்டும்தான் இன்றும் இயற்கைச் சூழலில் வாழ்கிறது. குளிர்காலத்தில் அதன் ரோமம் வெண்மையாகிவிடும், ஆனால் பனி விழாத ஆண்டுகளில் பழுப்புப் புல்நடுவே அந்த வெள்ளை அரை கிலோமீட்டருக்கு அப்பாலும் தெரியும். எனக்கே தெரியும்போது மணிக்குச் சொல்லவா வேண்டும்? தரமான மார்புப்பட்டையும், அதை இடுப்புப் பட்டையோடு இணைக்கும் இழுபடும் கயிறும் வாங்கிக்கொண்டால் கைகளுக்கு வேலை இல்லை. இறக்கங்களில் மட்டும் கயிற்றைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நாய் இழுத்த இழுப்பில் நாம் முதலில் கீழே போய்ச் சேருவோம். கட்டின்றி ஓடுவதற்கு, மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் வேலியிட்ட நாய்ப் புல்வெளிகள் ஊருக்கு ஊர் வந்துவிட்டன. மணி அங்கே அரை மணி நேரத்தில் ஓடித் தீர்க்கும் தூரத்தை நான் கின்டரில் அரை நாளில்கூட நடப்பதில்லை.