வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தொப்பிக்காரர்

நேற்று நியூ ஜெர்சியில் அண்ணன் மகளின் டென்னிஸ் மேட்ச். பதினோராம் வகுப்புப் படிக்கிறாள். வேலிக்கு அந்தப் பக்கம் தொப்பி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். கல்லூரி கோச்சாம், டீமுக்கு ஆள் தேடி வந்திருக்கிறாராம், அண்ணி காதில் கிசுகிசுத்தார்.

நான் அவரைத்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல ஷாட்டுக்கெல்லாம் அவர் அசையவே இல்லை. அதற்குத்தான் ஆட்டக்காரர்களின் தரத்தை எண்ணில் சொல்லும் யு.டி.ஆர். ரேட்டிங் இருக்கிறதே, வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். இரண்டு சர்வும் தப்பி டபுள் ஃபால்ட் ஆனதும்தான் நிமிர்ந்தார். ராக்கெட்டை வீசுகிறாளா, அம்மாவை முறைக்கிறாளா, அடுத்த சர்வுக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறாள், இதெல்லாம் எந்த ரேட்டிங்கிலும் வராது. நாலு வருஷம் கூட வைத்துக்கொள்ளப் போகிறவர் பார்க்கத்தானே செய்வார்!

மார்க் இல்லாமல் கதை நடக்காது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் மேல்மட்டமான டிவிஷன் 1-இல் ஆட, பள்ளியில் 16 முக்கியப் பாடங்கள், அவற்றில் குறைந்தது 2.3 ஜிபிஏ (நாலுக்கு இவ்வளவு என்ற மார்க் சராசரி) வேண்டும். அது வாசல்படி மட்டும்தான், நல்ல கல்லூரிகள் இன்னும் மேலே கேட்கும். நம்மவர்கள் கனவு காணும் ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளிலோ, டிவிஷன் 3-இலோ விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. இது தெரியாமல் அண்ணன் இரண்டு வருஷம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார், பாவம்.

கோச்சுக்கு மெயில் போடுவதும் பிள்ளையேதான். அப்பா எழுதினால் கண்டுபிடித்துவிடுவார்களாம்.

மேட்ச் தோல்விதான். பையைத் தூக்க ஓடிய அண்ணியை அண்ணன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். தொப்பிக்காரர் இன்னும் போகவில்லை.