இறங்குவதற்காகப் பழகினேன்: பொதிகை உச்சிக்கு மூன்று நாள்

அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் மேற்கே பொதிகை தெரியும். மார்கழி மழை நின்ற மறுநாள் காலையில் மலை மடிப்பு மடிப்பாகத் துலங்கும். பத்து மணிக்குள் மேகம் மூடிவிடும். என் தாத்தா இளவயதில் இரண்டு முறை அந்த உச்சிக்குப் போய் அகத்தியரைக் கும்பிட்டு வந்தவர். காரையாறு, பாணதீர்த்தம், கன்னிகட்டி, பூங்குளம் என்று கிழக்குப் பக்கமாக ஏறிய பாதை அது. அரிசி, கருப்பட்டி, சட்டி எல்லாம் தலைச்சுமை. "நானும் வரட்டுமா தாத்தா?" என்று கேட்டால், "பெண்பிள்ளைகள் ஏறுகிற மலை இல்லை தாயி" என்பார். அதட்டிச் சொல்ல மாட்டார். உள்ளதைச் சொல்வது போலத்தான் சொல்வார்.

தாத்தா நடந்த பாதை இன்று யாருக்கும் இல்லை. அந்தக் காடு களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. மிச்சமிருப்பது கேரளப் பக்கத்து வழி ஒன்றுதான்: திருவனந்தபுரம் மாவட்டத்தில் விதுராவுக்கு மேலே உள்ள போணக்காட்டிலிருந்து அதிருமலை, அங்கிருந்து அகஸ்தியர்கூடம். பொதிகை உச்சிக்குக் கேரளப் பக்கத்துப் பெயர் அது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரி நடுவிலிருந்து சில வாரங்கள் மட்டும், ஒரு நாளைக்கு நூறு பேர் அளவில் வனத்துறை அனுமதிக்கிறது. அங்கும் பெண்களுக்கு நெடுங்காலம் வழியில்லாமல் இருந்தது. கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, 2019 ஜனவரியில் தன்யா சனல் முதல் பெண்ணாக ஏறினார். இந்த மலைக்காட்டுப் பழங்குடியினரான காணி மக்களில் சிலர் எதிர்ப்பைத் தெரிவித்தார்கள், ஆனால் வழிமறிக்கவில்லை. அந்தச் செய்தியைச் செய்தித்தாளில் படித்த அன்றே நான் போவதென்று முடிவு செய்துவிட்டேன். போனது சென்ற பிப்ரவரியில். இடைப்பட்ட ஆண்டுகளில் என் முழங்கால் கெட்டுப்போயிருந்தது.

அதனால் நான் எழுத நினைப்பது பெரும்பாலும் ஆயத்தத்தைப் பற்றித்தான். மலையின் அழகைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். 46 வயதில், மாடிப்படி இறங்கினாலே இடது முழங்கால் வலிக்கிற ஒருத்தி மூன்று நாளில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் காட்டில் நடந்து முழுசாகத் திரும்புவதற்கு என்ன செய்ய வேண்டியிருந்தது என்பதுதான் என்னிடம் இருக்கிற விஷயம்.

முதல் சிக்கல் காலக்கணக்கு. முன்பதிவு ஜனவரித் தொடக்கத்தில்தான் திறக்கும். இடம் கிடைத்த பிறகு பழகத் தொடங்கினால் கையில் இருப்பது சில வாரங்களே. முழங்காலுக்கு அது போதாது. ஆகவே டிக்கெட் கிடைக்குமா என்றே தெரியாமல் நவம்பரிலேயே தொடங்கினோம். நானும் அண்ணனும் மதினியும். நவம்பர் என்றால் எங்கள் ஊரில் அடைமழைக் காலம். விடியற்காலையில் குடையைப் பிடித்துக்கொண்டு நதியுண்ணிக் கால்வாய்க் கரையில் போக ஐந்து, வர ஐந்து கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் பண்பொழி திருமலைக் கோயில் படிகள்.

அந்தப் படிகளில்தான் முக்கியமான பாடம் கிடைத்தது. ஏறும்போது மூச்சு வாங்கியது, நின்றோம், ஏறினோம். இறங்கியபோது எதுவுமே தெரியவில்லை. மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. என் முழங்காலைப் பார்த்துவந்த இயன்முறை மருத்துவர் காரணத்தை விளக்கினார். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போதோ நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. பழகாத தசை இந்த வேலையில்தான் நைந்துபோகும், வலியும் ஒரு நாள் கழித்துத்தான் தெரியும். இதைக் கேட்டதும் எனக்கு மூன்று நாள் பயணத்தின் உருவமே மாறிவிட்டது. முதல் நாள் ஏற்றம். இரண்டாம் நாள் உச்சிக்கு ஏறி முகாமுக்கு இறக்கம். மூன்றாம் நாள் முழுக்க இறக்கம். எல்லோரும் உச்சியை எண்ணிப் பழகுகிறார்கள். நாங்கள் மூன்றாம் நாளை எண்ணிப் பழகினோம்.

எப்படி என்றால், படி ஏறுவதை அவசரமில்லாமல் ஏறிவிட்டு, இறங்குவதைப் பாடமாக வைத்துக்கொண்டோம். முதல் ஒரு மாதம் வெறுங்கையோடு, ஒவ்வொரு படிக்கும் மனத்துக்குள் மூன்று எண்ணி மெதுவாக இறங்கினோம். அதன் பிறகு முதுகில் பையோடு, பைக்குள் தண்ணீர்ப் புட்டிகளோடு. டிசம்பர் கடைசியில் நான்கு கிலோ, ஜனவரி கடைசியில் ஆறு கிலோ. வலி வந்த வாரத்தில் எடையைக் கூட்டவில்லை. மதினிக்கு ஒரு வாரம் காய்ச்சல். அவர் அடுத்த வாரம் பாதியிலிருந்து தொடங்கினார், நாங்களும் கூடவே பாதிக்கு இறங்கினோம். மூவரும் ஒரே வேகத்தில் நடக்கப் பழகியது பின்னால் காட்டில் எவ்வளவு உதவியது என்று சொல்லி முடியாது.

முன்பதிவு திறந்த காலையில் வார இறுதி நாட்கள் நிமிடங்களில் தீர்ந்தன. நாங்கள் முதலிலேயே செவ்வாய்க்கிழமை என்று முடிவு செய்து, மூவரின் அடையாள அட்டை விவரங்களையும் ஒரே தாளில் எழுதி வைத்திருந்ததால் இடம் கிடைத்தது. என் மாதவிடாய் நாட்களையும் கணக்கிட்டுத்தான் தேதியைக் குறித்தேன். தீட்டு என்ற எண்ணத்தால் அல்ல. காட்டுக்குள் கொண்டுபோகும் எதையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். மூன்று நாள் அந்தச் சுமையும் கவலையும் வேண்டாம் என்று நினைத்தேன். பெண்கள் இதை வெட்கப்படாமல் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பயணத்துக்குச் சில நாட்கள் முன்பு மருத்துவச் சான்று வாங்கவும் மறக்கக் கூடாது. விதிகளும் கட்டணமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், அந்தந்த ஆண்டின் வனத்துறை அறிவிப்பைத்தான் நம்ப வேண்டும்.

பையை முதல் முறை நிறைத்துத் தராசில் வைத்தபோது ஒன்பதரை கிலோ காட்டியது. தரையில் எல்லாவற்றையும் பரப்பி, "இது இல்லாவிட்டால் என்ன ஆகும்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். மாற்றுத் துணி ஒன்று போதும். இரண்டாவது போர்வை போயிற்று. பவர்பேங்க் மூவருக்கும் ஒன்று. கோவில்பட்டிக் கடலை மிட்டாயைத் தாள் பிரித்துத் துணிப்பையில் போட்டேன். பிளாஸ்டிக் உறை ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது என்பதால். கருப்பட்டி, வறுத்த வேர்க்கடலை, ஓ.ஆர்.எஸ். தூள், எலுமிச்சம்பழம் நான்கு, டார்ச், மழைச் சட்டை, ஸ்வெட்டர், எவர்சில்வர் தண்ணீர்ப் புட்டி, அட்டைப்பூச்சிக்கு ஒரு சிறு பொட்டலம் உப்பு. கடைசி நேரத்தில் மதினி ஒரு சுருள் பாவாடை நாடாவை உள்ளே போட்டார். "எதற்கு மதினி?" என்றேன். "எதற்காவது ஆகும்" என்றார். மொத்தம் ஐந்தே முக்கால் கிலோ.

திங்கட்கிழமை செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு வழியாக விதுராவுக்குப் போய்த் தங்கினோம். மறுநாள் விடியற்காலையில் போணக்காடு. பழைய தேயிலைத் தோட்டம் அது; உடைந்த கண்ணாடிச் சன்னல்களோடு தொழிற்சாலை இன்னும் நிற்கிறது. சோதனைச் சாவடியில் பைகளைப் பார்த்து, குழுவாகப் பிரித்து அனுப்பினார்கள். எங்கள் வழிகாட்டி காணி இளைஞர். அவர் பேசிய மலையாளத்தில் பாதி எங்களுக்குத் தமிழாகவே கேட்டது.

லாத்திமொட்டை, கரமனையாறு, வாழப்பைந்தியாறு, அட்டையாறு என்று ஓடைகளாகவே பெயர் சொல்லி நடக்கும் வழி. முதல் பாதி நிழல், ஏற்றமும் மெதுவானது. உடன் வந்த இளைஞர் கூட்டம் ஒன்று இங்கேதான் பறந்து போயிற்று. நாங்கள் 50 நிமிடம் நடை, 10 நிமிடம் இருக்கை என்ற கணக்கை விடவில்லை. அட்டையாற்றைத் தாண்டிக் காடு விலகி, இடுப்பளவு புல்வெளி வருகிறது. உச்சி வெயில் நேராகத் தலையில் இறங்கும் இடம்.

அங்கேதான் அண்ணனின் ஷூ போயிற்று. வலது காலின் அடிப்பகுதி குதிகாலிலிருந்து வாய் பிளந்து, நாலு அடி நடப்பதற்குள் கட்டைவிரல் வரை கழன்று தொங்கியது. கையில் எடுத்துப் பார்த்தால், உள்ளே இருந்த நுரைப் பகுதி பழைய ரஸ்க் போல விரலில் பொடிந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கி, நான்கைந்து முறை போட்டு, பீரோவுக்குள் பத்திரப்படுத்திய ஷூ. பாலியூரித்தேன் என்ற அந்த நுரை, காற்றின் ஈரத்தில் ஆண்டுக்கணக்கில் இருந்தால் நடக்காமலேயே உள்ளுக்குள் சிதைந்துவிடுமாம். மேலே தோலும் தையலும் புதிது போலவே இருக்கும். பயிற்சி முழுவதையும் வேறு செருப்பில் நடந்துவிட்டு, "நல்ல ஷூ மலைக்கு" என்று வைத்திருந்ததுதான் பிழை. மலைக்குப் போடப்போவதைத்தான் பழகும்போதும் போட வேண்டும்.

மதினி ஒன்றும் பேசவில்லை. நாடாச் சுருளை எடுத்தார். ஷூவின் நடுவில் இரண்டு சுற்று, முன்பக்கம் இரண்டு சுற்று, கணுக்காலின் பின்னால் ஒரு எட்டு. முடிச்சு மேல்பக்கம் வரும்படி, கல்லில் உரசாதபடி. வழிகாட்டி குனிந்து பார்த்து, அடியில் ஓடிய நாடாவை ஷூவின் பள்ளத்துக்குள் தள்ளிவிட்டார். அப்படியே ஏழுமடக்கன் தேரி ஏறினோம். எங்கள் தெற்கத்திச் சீமையில் தேரி என்றால் செம்மணல் மேடு. அங்கே செங்குத்தான ஏற்றம். ஏழாகத் திரும்பித் திரும்பி ஏறும் அந்தப் பாதையில், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று அண்ணனின் காலைப் பார்த்துக்கொண்டோம். நாலரை மணிக்கு அதிருமலை முகாம். யானை வராமல் சுற்றிலும் அகழி. கொட்டகைக்குள் வரிசையாகப் பாய். இரவு கஞ்சியும் பயறும். அந்தக் கஞ்சியின் சூடு இன்னும் நினைவிருக்கிறது.

இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். அண்ணனுக்குப் புது நாடா கட்டியாயிற்று. எங்களோடு வரவேண்டாம் என்று அவனிடம் மூன்று முறை சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. வழியில் காணி இளைஞர் ஒரு சிறு செடியைக் காட்டினார், பறிக்கவில்லை. ஆரோக்கியப்பச்சை. 1987-இல் இந்த மலைக்கு ஆய்வுக்கு வந்த அறிவியலாளர்கள், உடன் வந்த காணிகள் களைக்காமல் நடப்பதைக் கண்டு கேட்டபோது தெரியவந்தது அதன் காய். பிறகு அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து உருவாகி, வருவாயில் ஒரு பங்கு காணிகளுக்கும் என்று ஏற்பாடாயிற்று. "எங்கள் பெரியவர்கள் சொன்னதுதான் அக்கா" என்றார், அவ்வளவுதான்.

பொங்காலப்பாறை வரை மர நிழல். அதற்கு மேல் குட்டை மரங்கள், பாசி, பின் வெறும் பாறை. கயிறு கட்டியிருக்கும் செங்குத்துப் பாறைகளில் நான் பயந்தது ஏறும்போது அல்ல. மேலே நின்று திரும்பிப் பார்த்தபோதுதான். இதே பாறையில் இறங்க வேண்டுமே என்ற நினைப்பு. அண்ணன் முதல் கயிற்றின் அடியிலேயே உட்கார்ந்துவிட்டான். "பாறையில் நாடா வழுக்கும். நீங்கள் போய்விட்டு வாருங்கள். தாத்தாவுக்குச் சேர்த்துக் கும்பிட்டுக்கொள்" என்றான்.

உச்சி 1,868 மீட்டர். காற்றில் நிற்க முடியவில்லை. அகத்தியர் சிலையின் முன்னால் நானும் மதினியும் பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் திருவிதாங்கூர் மன்னரின் வானாய்வகத்தில் இருந்த ஜான் ஆலன் பிரௌன், காந்த ஊசியின் அசைவை அளக்க இந்த மலைமேல் ஓர் ஆய்வகமே கட்டியவர். அந்தக் கருவிகளைச் சுமந்து ஏறியவர்களின் கால்களைத்தான் நான் நினைத்துக்கொண்டேன். சிறிது நேரம் கிழக்கே மேகம் விலகியது. கீழே, மிகக் கீழே, வளைந்த ஒரு தண்ணீர்த் துண்டு. காரையாறு அணை என்றார் வழிகாட்டி. அந்தத் தண்ணீர்தான் பாபநாசத்தில் இறங்கி, எங்கள் ஊரைத் தொட்டு, புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. மதினி அழுதுகொண்டிருந்தார். நான் எங்கள் வீடு எந்தத் திசை என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கயிற்றுப் பாறைகளில் முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி, மூன்று எண்ணி எண்ணி இறங்கினேன். பண்பொழிப் படிகளில் பழகிய அதே எண்ணிக்கை. வேகமாகப் போன இளைஞர் கூட்டத்தில் இருவர் அன்று மாலை முகாமில் தொடையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். எங்களிடம் இருந்த ஓ.ஆர்.எஸ். தூளை அவர்களுக்குக் கரைத்துக் கொடுத்தோம்.

மூன்றாம் நாள் காலையில் கட்டையாகப் படுத்திருப்பேன் என்று பயந்துதான் கண் விழித்தேன். கால் கனமாக இருந்தது, ஆனால் மடங்கியது. இடது முழங்காலில் பட்டையைச் சுற்றிக்கொண்டு ஏழரைக்கு இறங்கத் தொடங்கி, மதியம் இரண்டு மணிக்குப் போணக்காடு வந்து சேர்ந்தோம். அண்ணனின் ஷூவில் அடிப்பகுதி பாதிதான் மிச்சம்.

ஷூவை அப்படியே வீடுவரை கொண்டுவந்துதான் குப்பையில் போட்டோம். நாடாவில் ஒட்டியிருந்த கருஞ்சேறு மூன்று அலசலுக்குப் பிறகும் முழுக்கப் போகவில்லை. காயவைத்துச் சுருட்டி, மதினி அதை மீண்டும் என் பையிலேயே வைத்துவிட்டார்.