நடுவர் முன்பு எழுதிய நாற்பது தாள்கள்

2024ஆம் ஆண்டு தீபாவளி முடிந்த சில நாட்களில், நான் கணக்கு எழுதிவந்த நெல் வணிக நிறுவனத்தின் காசோலைகள் இரண்டில் முதலாளியின் கையெழுத்தை யாரோ போட்டுப் பணம் எடுத்துவிட்டதாகப் புகார் பதிவாயிற்று. காசோலைப் புத்தகம் என் மேசை இழுப்பறையில் இருந்தது. பணம் எடுப்பதற்கு முன்பு வங்கி ஊழியர் ஒருவருக்கு வந்த அழைப்பு அவருடைய கைபேசியில் பதிவாகியிருந்தது; அந்தக் குரல் என்னுடையதைப் போல் இருக்கிறது என்று ஒருவர் சொல்லிவிட்டார். இந்த இரண்டு காரணங்களால் சந்தேகம் என்மேல் விழுந்தது. என்னைக் கைது செய்யவில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின்கீழ் நேரில் வருமாறு அறிவிப்பு மட்டும் கொடுத்தார்கள்.

காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் மரியாதையாகவே பேசினார். நான்கு வெள்ளைத் தாள்களை என் முன்னால் வைத்து, "முதலாளி கையெழுத்தைப் பத்துத் தடவை போடுங்க, உங்க கையெழுத்தையும் போடுங்க. அப்புறம் ரேகையும் போட்டோவும் எடுத்துட்டா நீங்க கிளம்பலாம்" என்றார். தவறு செய்யாதவனுக்கு என்ன பயம் என்ற எண்ணத்தில் நான் பேனாவை எடுத்துவிட்டேன். அந்த மேசையிலேயே காசோலையின் நகல் கண்ணுக்குத் தெரியும்படி கிடந்ததை அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை. நான் அக்கா என்று அழைக்கும் எங்கள் ஊர் வழக்கறிஞர் அந்த நேரத்தில் உள்ளே வந்தார். "தம்பி, பேனாவைக் கீழ வை" என்று என்னிடம் சொல்லிவிட்டு, "மாதிரி தரமாட்டோம்னு சொல்லலை சார். நடுவர்கிட்ட (மாஜிஸ்திரேட்) மனுப் போடுங்க, உத்தரவு வந்தா அங்கேயே வந்து கொடுக்குறோம்" என்று அவரிடம் சொன்னார்.

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லுமாறு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் 20(3) பிரிவு சொல்வதால், மாதிரி கொடுக்க அடியோடு மறுத்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அது சரியல்ல. கைரேகையும் கையெழுத்தும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான பொருள்களே தவிர வாக்குமூலம் ஆகாது என்று 1961ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. குரல் மாதிரி எடுக்க நடுவர் உத்தரவிடலாம் என்று 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பு சொல்கிறது. பொய் கண்டறியும் கருவிச் சோதனை, மயக்க மருந்து கொடுத்து விசாரிப்பது, மூளை அலைச் சோதனை ஆகிய மூன்றையும் சம்மதமின்றிச் செய்யக் கூடாது என்பது 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஆகவே எங்கள் வாதம் கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பற்றியதே அல்ல. எந்த வழியில், யார் முன்னிலையில் கொடுப்பது என்பதைப் பற்றியது.

அந்த வழியைச் சொல்வது அதே சன்ஹிதாவின் 349ஆம் பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 311ஏ பிரிவில் கையொப்பமும் கையால் எழுதும் எழுத்தும் மட்டுமே இருந்தன. அந்த வழக்கில் எப்போதாவது கைது செய்யப்பட்டவரிடம் மட்டுமே அவற்றைக் கேட்க முடியும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் விரல் ரேகையும் குரலும் சேர்ந்துவிட்டன. கைது செய்யப்படாதவரிடமும் கேட்கலாம். ஆனால் நடுவர் அதற்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். என்னைப் போன்றவனுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு அந்தக் காரணம்தான். ரேகை, புகைப்படம் பற்றிய பேச்சும் அன்றே நின்றுவிட்டது. ரேகை, புகைப்படம் போன்றவற்றை எடுப்பதற்கான 2022ஆம் ஆண்டு அடையாளச் சட்டத்தின் 3ஆம் பிரிவு கைதானவர்களையும் தண்டனை பெற்றவர்களையும் போன்றோருக்கே பொருந்தும், மற்றவர்களிடம் எடுக்க நடுவரின் உத்தரவு வேண்டும் என்று அக்கா எடுத்துச் சொன்னார். அந்தச் சட்டப்படி எடுக்கும் பதிவுகளைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம் என்பதை நினைத்தால், "சும்மா ஒரு ரேகை" என்று எதையும் கொடுக்க மனம் வராது.

மூன்று வாரத்தில் மனு விசாரணைக்கு வந்தது. மாதிரி கொடுக்கத் தயார் என்று எழுத்திலேயே பதில் கொடுத்துவிட்டு, சர்ச்சைக்குரிய கையெழுத்தை எனக்குக் காட்டக் கூடாது என்றும், குரல் மாதிரிக்கு அந்த உரையாடலை அப்படியே வாசிக்கச் சொல்லக் கூடாது என்றும் கேட்டோம். வார்த்தைகளை எடுத்துக்கொள்ளலாம், குற்றம் சுமத்தும் வாக்கியங்களை வாசிக்க வைக்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருப்பதை அக்கா எடுத்துக்காட்டினார். நடுவர் இரண்டையும் ஏற்று, நாளும் இடமும் குறித்து உத்தரவிட்டார்.

கையெழுத்து மாதிரியை நீதிமன்ற அரங்கின் ஓரத்தில் ஒரு சிறிய மேசையில் எடுத்தார்கள். எழுத்தர் பெயரை வாயால் சொல்லுவார், நான் எழுதுவேன். எழுதி முடித்த தாளை உடனே எடுத்துக் கவிழ்த்து வைத்துவிடுவார், முந்தைய தாளைப் பார்த்து அடுத்ததை எழுத முடியாது. எஸ்-1, எஸ்-2 என்று எண் போட்டுக்கொண்டே போனார்கள். பதினைந்தாவது தாளுக்குப் பிறகு கட்டைவிரல் மரத்துப்போய் எழுத்து என்னையறியாமல் கோணத் தொடங்கியது. ஐந்து நிமிடம் இடைவெளி கேட்டேன், கொடுத்தார்கள். அப்படிக் கேட்பதில் தவறில்லை; களைத்த கையின் எழுத்து யாருக்கும் உதவாது. மொத்தம் நாற்பது தாள்கள். முதலாளியின் பெயரை நான் என் இயல்பான நடையில் எழுதியதைப் பார்த்தபோதுதான், காவல் நிலையத்து மேசையில் கிடந்த நகல் நினைவுக்கு வந்து உடம்பு நடுங்கியது. அதைப் பார்த்துப் பத்து முறை எழுதியிருந்தால், பொய்க் கையெழுத்தைப் போலவே இருக்கும் பத்துக் கையெழுத்துகளை என் கையாலேயே செய்து கொடுத்திருப்பேன்.

குரல் மாதிரிக்குச் சென்னை மயிலாப்பூரில் உள்ள தடய அறிவியல் துறைக்குப் போக வேண்டியிருந்தது. மூடிய சிறிய அறையில் ஒரு பத்தியை மூன்று முறை வாசித்தேன். "காசோலை", "கிளை", "இன்னைக்கே" போன்ற சொற்கள் அதில் இருந்தன, அந்தப் பேச்சு இல்லை. அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது.

தாள்களை உறையிட்டு அரக்கு வைத்ததை நாங்கள் நின்று பார்த்தோம்; உறையில் குற்ற எண், தேதி, எத்தனை தாள் என்பவை எழுதப்பட்டனவா என்பதையும் சரிபார்த்தோம். அதிகப்படியான கவலை என்று அன்று எனக்குத் தோன்றியது. 2025 ஜூலையில், தேனி மாவட்டத்தில் 2011இல் நடந்த இரட்டைக் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்தவரை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தபோது அந்த எண்ணம் மாறிற்று. மரபணு மாதிரிகளைக் கையாண்ட முறையில் இருந்த குறைகளைச் சுட்டிக்காட்டிய அந்தத் தீர்ப்பு, மாதிரியை உரிய ஆவணங்களோடும் கையொப்பங்களோடும் சேகரித்து 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும் என்றும், அது யார் யார் கை மாறியது என்பதற்குத் தனிப் பதிவேடு வைக்க வேண்டும் என்றும் நாடு முழுவதற்கும் சொன்னது.

ஏழு மாதங்களுக்குப் பிறகு அறிக்கை வந்தது. காசோலைக் கையெழுத்துகளை எழுதியவரும் மாதிரித் தாள்களை எழுதியவரும் ஒருவர் அல்லர் என்பது தடய அறிவியல் துறையின் ஆவணப் பிரிவின் கருத்து, குரலும் பொருந்தவில்லை. குற்றப் பத்திரிகையில் என் பெயர் இல்லை. நடுவரின் உத்தரவுக்கும் இரண்டு அறிக்கைகளுக்கும் மனுப் போட்டுச் சான்றிட்ட நகல்கள் வாங்கி, வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.