ஒரு பில்லுக்கு நான்கு

சலுகை விலையில் ஒரு பில்லுக்கு நான்கு எண்ணெய்ப் பாக்கெட்டுகள்தான் என்பது நான் போட்ட விதி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மொபைல் எண்ணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பில். மாமா பன்னிரண்டு பாக்கெட் கொண்டுவந்து, சூப்பர் மார்க்கெட்டில் நான் பில் போடும் கவுண்டரில் வைத்தார்.

தீபாவளிக்கு முந்தைய வாரம். பின்னால் எட்டு வண்டிகள் நின்றிருந்தன. மாமா என்றால் சொந்த மாமா இல்லை, எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர். அப்பா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்ப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்த காலத்தில், எங்கள் வீட்டு அடுப்பு அவருடைய கணக்கு நோட்டை நம்பித்தான் எரிந்தது. அம்மா பெயருக்கு அதில் தனிப் பக்கம் உண்டு. பக்கம் நிறைந்தால் பாக்கியை அடுத்த பக்கத்துக்கு ஏற்றுவார், பேச்சில் ஒன்றும் காட்டமாட்டார்.

"நான்குதான் போட முடியும்" என்றேன்.

"மூன்று பில்லாகப் போடேன் பாப்பா. வீட்டில் வேறு நம்பர் இருக்கிறது."

"வியாபாரத்துக்கு எடுப்பவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையைப் பார்த்தார். "சரி மேடம்" என்றார்.

நடந்தது இவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த "மேடம்" குத்தலா, மரியாதையா, சும்மா வாயில் வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

விலைக் கணக்கு வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. கம்பெனியிடம் லாரிக் கணக்கில் நேராக எடுக்கும் எங்கள் நிறுவனத்துக்குக் கிடைக்கிற விலை, ஏஜென்சி வண்டியில் ஒரு பெட்டி, இரண்டு பெட்டி இறக்கிக்கொள்ளும் மாமாவுக்குக் கிடைக்காது. பண்டிகைச் சலுகையில் நாங்கள் விற்கிற விலை, சில நாட்களில் அவருடைய கொள்முதல் விலைக்கும் கீழே போய்விடும். பாக்கெட்டில் அச்சடித்த எம்.ஆர்.பி. இரண்டு கடைக்கும் ஒன்றுதான். அதற்கு மேல் விற்றால் குற்றம். கீழே எவ்வளவு இறங்கலாம் என்று யாரும் அச்சடிப்பதில்லை. அதனால் மொத்தக் கடைக்குப் போக வேண்டியவர் எங்கள் கடைக்கு வருகிறார், வாடிக்கையாளரைப் போல வண்டி தள்ளிக்கொண்டு.

2012 செப்டம்பரில் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டை எதிர்த்து நாடு முழுவதும் பந்த் நடந்தது. அன்று மாமா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, குனிந்து வருபவர்களுக்கு மட்டும் பால் கொடுத்தார். "வெள்ளைக்காரன் கடை வரப் போகிறதாம் பாப்பா" என்று என்னிடம் சிரித்தார். வெள்ளைக்காரன் வரவில்லை. நம் ஆட்களின் கடைதான் வந்தது, அதில் நான் வேலைக்குச் சேர்ந்தேன்.

சேர்ந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. மாதச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எங்கள் ஊரில் இது மூன்றையும் சேர்த்துத் தருகிற வேலை படித்த பெண்ணுக்கு எத்தனை இருக்கிறது? 2021-இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதும், எங்கள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இன்னும் ஆறு பேர் சேர்ந்தார்கள். அதே ஆண்டு, கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. எங்கள் கவுண்டருக்குப் பின்னாலும் ஸ்டூல்கள் வந்தன. வரிசை நிற்கும்போது யாரும் உட்காருவதில்லை, அது வேறு கதை. மாமா கடையில் அவர் ஒருவர்தான் உட்காருவார், கல்லாவுக்குப் பக்கத்தில், மடித்த சாக்கின் மேல். அவர் எனக்கு வேலை தந்திருக்க முடியாது. இதை நூறு முறை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் நூற்றியோராவது முறை வேறொன்று நினைவுக்கு வருகிறது. மூன்று நம்பர் சொல்லி மூன்று பில் போடுவது அன்றாடம் நடப்பது. கணவர் நம்பர், மாமியார் நம்பர், பக்கத்து வீட்டு நம்பர் என்று சொல்வார்கள், நாங்களும் போட்டுக் கொடுப்போம். அன்று காலையில்கூட ஒருவருக்கு இரண்டு பில் போட்டேன். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. மாமாவைத் தெரியும், அவர் கடைக்காரர் என்பதும் தெரியும். தெரிந்தவராக இருந்ததால்தான் மறுத்தேன். இதற்கு நேர்மை என்று பெயர் வைக்கலாம். மேனேஜர் அப்போது எண்ணெய் வரிசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார் என்பதையும் எழுத வேண்டும்.

எட்டுப் பாக்கெட்டை மாமா அங்கேயே விட்டுப் போயிருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், மூடும் நேரத்தில் நாங்கள்தான் எடுத்து அடுக்குவோம். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, நான்கு நான்காகக் கையில் எடுத்துப்போய் அலமாரியில் வைத்தார். முன்னால் இருந்தவற்றை நகர்த்தி, தேதியைத் திருப்பிப் பார்த்து, பழைய சரக்கை முன்னுக்கும் புதியதைப் பின்னுக்கும் தள்ளி, பெயர் வெளியே தெரியும்படி திருப்பிவிட்டார். எங்கள் பையன்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துக் கொடுத்து சூப்பர்வைசர் அலுத்துப்போயிருந்தார். அடுத்தவருடைய பருப்பை ஸ்கேன் செய்துகொண்டே பார்த்தேன். பிறகு வந்து நான்கு பாக்கெட்டுக்குப் பணம் கொடுத்தார், சரியான சில்லறையாக.

இதை எழுதும்போதுதான் ஒன்று உறைக்கிறது. மேலே என் முதல் பேச்சை "நான்குதான் போட முடியும்" என்று எழுதினேன். நான் சொன்னது அப்படி இல்லை. "நான்குதான் போட முடியும் சார்" என்றேன். வேண்டுமென்று சொல்லவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் சார், மேடம் என்று பயிற்சியில் பழக்கியிருந்தார்கள், ஒரு நாளைக்கு முந்நூறு முறை சொல்கிற நாக்கு. ஆனாலும் அதற்குப் பிறகு அவர் என்னைப் பாப்பா என்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தார். நான் மாமா என்று திருப்பிச் சொல்லவில்லை.

அதன்பின் அவர் எங்கள் கடையில் என் கண்ணில் படவில்லை. அவர் கடை இருக்கிறது. அம்மா இப்போதும் பால், வெற்றிலை, அவசரத்துக்குத் தீப்பெட்டி அங்கேதான் வாங்குகிறாள். எண்ணெயும் பருப்பும் ஊழியர் தள்ளுபடியில் நான் கொண்டுவருகிறேன். கடையைத் தாண்டும்போது பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொள்வது எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை.

போன வாரம் அம்மாவிடம் கேட்டேன், "மாமா என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா?"

"கேட்டார். உனக்குக் காலை ஷிப்டா, சாயங்கால ஷிப்டா என்றார்."

"எதற்காம்?"

அம்மா அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. காலை ஷிப்ட் என்று சொல்லிவிட்டு, பாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாளாம்.