முகப்புப் பலகையிலேயே தொடங்கிவிடும் கிராஸ்ஓவர்

ஒலியைத் தாழ்ந்தது, உயர்ந்தது என்று இரண்டாகப் பிரித்து அனுப்பும் ரெடிமேட் டூ-வே கிராஸ்ஓவர் போர்டில் ஆறரை அங்குல வூஃபரையும் (தாழ்ந்த ஒலிக்கானது) ஒரு அங்குல ட்வீட்டரையும் (உயர்ந்த ஒலிக்கானது) மாட்டிவிட்டு, "எல்லாம் கேட்கிறது, பாடுகிறவர் குரல் மட்டும் உள்ளே போய்விட்டது" என்று பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். பெரும்பாலும் போர்டில் பழுது இருக்காது. ஒலி பிரியும் இடமாக அதில் அச்சிட்ட 2,500 ஹெர்ட்ஸும் கணக்குப்படி சரிதான். ஆனால் அது 8 ஓம் ரெசிஸ்டருக்குப் போட்ட கணக்கு. வூஃபர் ரெசிஸ்டர் மாதிரி நடந்துகொள்வதில்லை.

இரண்டாம் படி லிங்க்விட்ஸ்-ரைலி என்ற ஃபில்டர் வகைக்கு (படி கூடக்கூட ஒலி செங்குத்தாகக் குறையும்), 8 ஓம், 2,500 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் காயில் 1.02 மில்லிஹென்றி, கெப்பாசிட்டர் 4 மைக்ரோஃபாரட் என்று வரும். மல்டிமீட்டரில் 5.8 ஓம் காட்டும் வூஃபரை எடுத்துக்கொள்வோம். அதன் வாய்ஸ் காயிலுக்கு (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) 0.6 மில்லிஹென்றி இண்டக்டன்ஸ் இருந்தால், 2,500 ஹெர்ட்ஸில் வூஃபரின் மொத்த எதிர்ப்பு ஏறக்குறைய 11 ஓம் ஆகிவிடும். ஃபில்டர் எதிர்பார்த்த சுமை கிடைக்காததால், வூஃபர் அடங்க வேண்டிய இடத்தில் மேடு கட்டி நிற்கும். வூஃபர் முனைகளுக்குக் குறுக்கே 6.8 ஓம் ரெசிஸ்டரையும் 12 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரையும் தொடராக இணைத்துப் போட்டால் (இதற்கு ஜோபெல் என்று பெயர்) மேடு கரையும். ரெசிஸ்டர் 10 வாட்டாவது இருக்கட்டும்.

இந்த வகை ஃபில்டரில் ட்வீட்டரின் பிளஸ், மைனஸ் மாற்றித்தான் கொடுக்க வேண்டும். 2,500 ஹெர்ட்ஸில் இரண்டுக்கும் இடையே 180 டிகிரி ஃபேஸ் (அலை ஏறி இறங்கும் நேர) வித்தியாசம் இருப்பதுதான் காரணம். பார்க்கிறவர்கள் அதைத் தவறு என்று நினைத்து வயரை 'நேராக்கி'விடுகிறார்கள். குரலின் தெளிவு இருக்கும் இடத்தில் பள்ளம் விழுந்துவிடுகிறது.

சர்க்யூட்டில் இருக்கும் கவனத்தில் பாதிகூட ஸ்பீக்கர்களை மாட்டும் முகப்புப் பலகையில் ஓட்டை போடும்போது இருப்பதில்லை என்பதுதான் பெரிய வருத்தம். 2,500 ஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் 13.7 சென்டிமீட்டர். வூஃபர் நடுவுக்கும் ட்வீட்டர் நடுவுக்கும் இடைவெளி 15 சென்டிமீட்டர் என்றால், ஏறக்குறைய 27 டிகிரி மேலேயும் கீழேயும் இரண்டின் ஒலியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 2.5 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவர் எழுந்து நின்றால் காது 60 சென்டிமீட்டர் உயரும். அந்த இடத்தில் 3 டெசிபல் குறையும். இது பொறுத்துக்கொள்ளக்கூடியதே. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று இடைவெளியை 22 சென்டிமீட்டர் ஆக்கினால், அதே இடத்தில் குறைவு 8 டெசிபல். இதை எந்தக் கெப்பாசிட்டரை மாற்றியும் சரிசெய்ய முடியாது. மரத்தை வெட்டுவதற்கு முன் அட்டையில் வட்டங்கள் வெட்டி, இரண்டு ஃபிரேமும் கிட்டத்தட்ட ஒட்டும் அளவுக்கு நெருக்கி வைத்துப் பாருங்கள். இடையில் 5 மில்லிமீட்டர் மரம் இருந்தால் போதும்.

உயரம் போலவே ஆழமும் முக்கியம். தட்டையான பலகையில் ட்வீட்டரின் ஒலி முன்னாலிருந்தே புறப்படுகிறது. வூஃபரின் ஒலி கோனின் குழிக்குள்ளிருந்து வருகிறது. இந்தப் பின்தங்கல் 2.5 சென்டிமீட்டர் என்றால் 2,500 ஹெர்ட்ஸில் அது 66 டிகிரி. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் திசை சோபாவை விட்டுக் கீழே, தரையை நோக்கி ஏறக்குறைய 10 டிகிரி சாய்ந்துவிடும். பலகையைப் பின்னால் சாய்க்கலாம். ட்வீட்டரை வேவ்கைடுக்குள் (ஆழமற்ற புனல் போன்ற குழி) உள்ளே தள்ளலாம். அல்லது வூஃபருக்கு ஒரு படியும் ட்வீட்டருக்கு வேறு படியும் ஃபில்டர் போட்டு, ஒலி வெளியே வந்து சேரும் இடத்தில் சமன் செய்யலாம். வீட்டு ஸ்பீக்கர்களில் மூன்றாவது வழியே அதிகம் பயன்படுகிறது.

சமன் ஆயிற்றா என்று தெரிந்துகொள்ள நம்பகமான சோதனை ஒன்று உண்டு. ஸ்பீக்கரை அறை நடுவில், ட்வீட்டர் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும்படி ஸ்டூலில் வையுங்கள். அதே உயரத்தில், ஒரு மீட்டர் தள்ளி மைக். தரையில் பட்டுத் திரும்பும் ஒலி 3.6 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். அளவிடும் மென்பொருளில் அதற்கு முன்பே வெட்டிவிடுங்கள். 280 ஹெர்ட்ஸுக்குக் கீழே வரும் கோட்டை நம்ப முடியாது. நமக்கு வேண்டிய இடம் அதற்கு வெகு மேலே இருப்பதால் கவலையில்லை. முதலில் வழக்கமான இணைப்பில் (இந்த வகை ஃபில்டரில் ட்வீட்டர் பிளஸ், மைனஸ் மாற்றிய நிலை) அளந்துவிட்டு, ட்வீட்டர் வயரை மட்டும் மாற்றி மறுபடி அளங்கள். 2,500-ல் 25 டெசிபல் ஆழத்துக்குக் கூர்மையான பள்ளம் விழுந்தால் ஃபேஸ் பொருந்தியிருக்கிறது. 8 டெசிபல் அளவில் அகலமான பள்ளம் விழுந்தாலோ, அது 2,900-க்குத் தள்ளிப்போயிருந்தாலோ இன்னும் பொருந்தவில்லை. ட்வீட்டர் கெப்பாசிட்டரை 4.7, 3.9, 3.3 மைக்ரோஃபாரட் என்று மாற்றி மாற்றி அளக்க வேண்டியதுதான். ஒரு மாலைப்பொழுது போகும். அந்த நேரத்துக்குக் கிடைக்கும் பலன் விலையுயர்ந்த கெப்பாசிட்டரில் கிடைப்பதை விட நிச்சயம் அதிகம்.

பலகையின் அகலமும் ஃபில்டரில் பங்கு கேட்கும். 20 சென்டிமீட்டர் அகலப் பலகையில், 575 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்குக் கீழேயும் உள்ள ஒலி பாக்ஸைச் சுற்றிப் பின்பக்கம் போகத் தொடங்கும். கணக்கில் 6 டெசிபல் இழப்பு. சுவரோரம் வைக்கும் வீடுகளில் 3 அல்லது 4 டெசிபல் ஈடுசெய்தால் போதும். வூஃபர் காயிலை 1.02-லிருந்து 1.8 மில்லிஹென்றிக்குக் கொண்டுபோனால் பெரும்பகுதி சரியாகும். ட்வீட்டரை அதற்கேற்ப 4 டெசிபல் குறைக்க, தொடராக 3.3 ஓம் ரெசிஸ்டர், இணையாக 15 ஓம் ரெசிஸ்டர். ட்வீட்டர் மூன்று விளிம்புகளிலிருந்தும் சம தூரத்தில் இருக்கக் கூடாது. ஒரே அலைநீளத்தில் மூன்று விளிம்புகளின் சிதறலும் சேர்ந்துவிடும். 2 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்தி, இடது வலது பாக்ஸ்களைக் கண்ணாடிப் பிம்பமாகச் செய்யுங்கள். பிபிசியின் எல்.எஸ்.3/5ஏ மானிட்டர் ஸ்பீக்கரில் ட்வீட்டரைச் சுற்றி ஃபெல்ட் பட்டை ஒட்டியிருப்பதும் இந்தச் சிதறலுக்காகத்தான்.

போர்டை அடுக்கும்போது இரண்டு காயில்களை அருகருகே ஒரே திசையில் படுக்க வைத்தால், வூஃபருக்கு வேண்டியது ட்வீட்டருக்குள் கசியும். ஒன்றைப் படுக்கவும் ஒன்றை நிமிர்த்தியும் வைத்து, குறைந்தது 10 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். ஏர்-கோர் காயிலின் நடுவே இரும்பு ஸ்க்ரூ போட்டால் மதிப்பு ஏறிவிடும். பித்தளை ஸ்க்ரூவோ கேபிள் டையோ போதும்.

இடைவெளிக் கணக்கு மிக மோசமாகத் தப்புவது டிவிக்கு அடியில் படுத்திருக்கும் சென்டர் ஸ்பீக்கரில். நடுவில் ட்வீட்டர், இருபுறமும் வூஃபர் என்ற அமைப்பை 1983-ல் ஜோசப் டி'அப்போலிட்டோ எழுதியபோது அது செங்குத்தாக நிற்பது. அதைப் படுக்க வைத்தால், 34 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள வூஃபர்கள் 1,000 ஹெர்ட்ஸில் பக்கவாட்டில் 30 டிகிரியில் ஒன்றையொன்று அழிக்கும். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தவருக்குத்தான் வசனம் புரியாமல் போகும். நிமிர்த்த இடமில்லையென்றால், ஒரு வூஃபரை மட்டும் 400 ஹெர்ட்ஸை ஒட்டிக் கீழே அடக்கி, மற்றொன்றை ட்வீட்டர் வரை ஏற விடுங்கள். 400 ஹெர்ட்ஸில் அடக்கிய வூஃபருக்குத் தொடராகப் பெரிய காயில் ஒன்று, 3 மில்லிஹென்றி அளவில், கூடுதலாக வாங்க வேண்டியிருக்கும்.