ஆற்றங்கரை, களிமண், கருவை முள்: டெல்டாவில் மவுண்டன் பைக் ஓட்ட

மவுண்டன் பைக் என்றாலே பேச்சு ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை என்று போய்விடுகிறது. தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் பக்கம் அந்த வண்டியை வாங்கியவர்களோ தார்ச்சாலையிலேயே ஓட்டி டயரைத் தேய்க்கிறார்கள். இங்கே மலை இல்லைதான். ஆனால் ஆற்றங்கரையும் வாய்க்கால் கரையும் ஏரிக்கரையுமாக மண்பாதைக்குப் பஞ்சமே இல்லை. ஒன்றே ஒன்று: மலைக்குத் தயார் செய்த வண்டியை அப்படியே இங்கே இறக்கினால் பாதி வழியில் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும். டெல்டாவில் வண்டியைச் சோதிப்பது ஏற்றமும் இறக்கமும் அல்ல. மண்ணும் முள்ளும் வைக்கோலும்தான்.

முதலில் காலம். எந்தக் கரையில் எப்போது ஓட்டலாம் என்பது மேட்டூரைப் பொறுத்தது. வழக்கமாக ஜூன் 12 அன்று அணை திறந்து ஜனவரி 28 அன்று மூடுவார்கள். திறந்த தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும். அணையில் நீர் போதாத வருடம் இந்தத் தேதிகள் மாறும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆகவே பிப்ரவரி தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை கரைகள் இறுகிக் கிடக்கும் காலம். அதிலும் பிப்ரவரி, மார்ச்தான் சிறந்தது. ஏப்ரல், மே மாதங்களில் காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஒன்பதரைக்குள் திரும்பிவிட வேண்டும். கரைமேல் பல இடங்களில் நிழலும் கிடையாது, கடையும் கிடையாது. மணிக்கு முக்கால் லிட்டர் தண்ணீர் என்று கணக்குப் போட்டு எடுத்துப் போங்கள். உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ ஒரு பாட்டிலில் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது மண். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் எனப் பழைய டெல்டா பெரும்பாலும் களிமண். காவிரி, கொள்ளிடத்தை ஒட்டிய கரைகளில் வண்டலும் மணலும் கலந்திருக்கும். தஞ்சாவூருக்குத் தென்மேற்கே வல்லம், செங்கிப்பட்டி, தெற்கே ஒரத்தநாடு பக்கம் போனால் செம்மண்ணும் சரளையும். மழை பெய்த பிறகு இந்த மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். சரளைச் செம்மண் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். மணல் கலந்த கரையில் மறுநாள் காலை ஓட்டலாம். களிமண்ணுக்கு மூன்று நான்கு நாள் நல்ல வெயில் வேண்டும். மேலே காய்ந்து வெளுத்திருப்பதை நம்பி இறங்காதீர்கள். இரண்டு அங்குலம் தோண்டி ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் திரித்துப் பாருங்கள். பென்சில் கனத்துக்கு அறுபடாமல் கயிறு போல் வந்தால் அன்றைக்கு அந்தப் பாதை வேண்டாம். உதிர்ந்தால் தாராளமாகப் போகலாம்.

ஈரக் களிமண்ணில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் இந்த எச்சரிக்கையின் அருமை புரியும். டயரில் ஒட்டிய மண்மேல் அடுத்த சுற்றில் இன்னொரு படலம் ஒட்டும், அதன்மேல் புல்லும் வைக்கோலும். ஐம்பது மீட்டருக்குள் டயருக்கும் பிரேமுக்கும் நடுவே இருந்த இடைவெளி அடைத்துவிடும். அதே மண் பின் கியரின் (செயினைப் பல் மாற்றும் பாகம்) இரண்டு சின்னப் பல்சக்கரங்களிலும் அடைந்து செயினை இறுக்கும். அந்த நேரத்தில் பலத்தைக் கொடுத்து மிதித்தால், ஓட முடியாத செயின் கியரையே பின்னால் இழுத்து ஸ்போக்ஸுக்குள் தள்ளும். முதலில் உடைவது கியரைப் பிரேமோடு சேர்க்கும் ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டு. பிரேமும் கியரும் தப்பிக்கட்டும் என்று வேண்டுமென்றே மெலிதாகச் செய்த பாகம் அது. அதனால் மிதி கனத்த அந்த நொடியே காலை ஊன்றி இறங்கிவிட வேண்டும். மூங்கில் சிம்பு ஒன்றால் டயர் ஓரம், செயின் ஸ்டே (பின் சக்கரத்தைப் பிடிக்கும் பிரேம் குழாய்), கியர் மூன்றிலும் மண்ணை வழித்துவிட்டு, காய்ந்த தரை வரும்வரை வண்டியைத் தூக்கிக்கொண்டு நடங்கள். உருட்டினால் மறுபடி அடைக்கும்.

ஹேங்கர் ஒவ்வொரு பிரேமுக்கும் தனி அளவு. உள்ளூர் சைக்கிள் கடையில் கிடைக்காது. வண்டி வாங்கும்போதே அதே மாடலுக்கு உரியதாக இரண்டு வாங்கி, ஒன்றைச் சீட்டுப் பைக்குள் டேப் போட்டு ஒட்டி வைத்துவிடுங்கள். மாற்றுவது பத்து நிமிட வேலை. பின் சக்கரத்தைக் கழற்றி, உடைந்த துண்டைப் பிடித்திருக்கும் ஓரிரு சின்ன ஆலன் போல்ட்டை எடுத்து, புதியதை வைத்து முடுக்கி, கியரை அதில் மாட்ட வேண்டியதுதான். மாற்று ஹேங்கர் இல்லாமல் மாட்டிக்கொண்டால் செயினை அறுத்துக் கியரை விலக்கி, கேசட்டின் (பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) நடுப்பல் ஒன்றில் நேராகச் செயினைப் போட்டு, தொய்வில்லாத அளவுக்குச் சுருக்கி இணைத்து ஒற்றைக் கியராக ஓட்டி வரலாம். செயின் ஒரு பல் தளர்ந்தாலும் பக்கத்துப் பெரிய பல்லில் ஏறி இறுகிக்கொள்ளும். அதனால் மெதுவாக, எழுந்து நிற்காமல் மிதிக்க வேண்டும்.

காய்ந்த களிமண்ணிலும் ஒரு கண்ணி உண்டு. கோடையில் வெடிப்பு விடும், டிராக்டர் போன தடம் கல்லாக இறுகிவிடும். இரண்டுமே உங்கள் போக்குக்கு இணையாக ஓடினால் 2.1 அங்குல டயர் உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஹேண்டிலைத் திருப்புவதில் பயனில்லை, ஆள் மட்டும் முன்னால் போவார். வெடிப்பைக் குறுக்காகக் கடக்க வேண்டும். தடத்திலிருந்து வெளியேற முன் சக்கரத்தைத் தூக்கி வையுங்கள், உரசி ஏற்றப் பார்க்காதீர்கள்.

இனி முள். நெருஞ்சியும் கருவையும் வேறு வேறு பிரச்சினைகள். நெருஞ்சி தரையோடு படரும், ஐந்து இதழ் மஞ்சள் பூ. காய்ந்த காயை எப்படிப் போட்டாலும் ஒரு முள்ளாவது மேலே பார்க்கும். மணற்பாங்கான கரை ஓரங்களிலும் கிராமத்து மைதானங்களிலும் இது நிறைய. முள் சில மில்லிமீட்டர்தான், ஆனால் ஒரே நேரத்தில் பத்து இடத்தில் குத்தும். சீமைக்கருவேல முள் நீளமானது, டயரின் பக்கவாட்டையும் துளைக்கும். கரையில் விறகு வெட்டிய இடத்திலும், ஆடுமாடு போகாமல் முள் அடைத்த திறப்புகளிலும் இறங்கித் தூக்கிப் போவதுதான் புத்தி.

டியூப்லெஸ் ஏற்கும் ரிம் இருந்தால் மாறிவிடுங்கள், டெல்டாவில் செலவுக்குப் பலன் தரும் முதல் மாற்றம் இதுதான். 29 அங்குலச் சக்கரத்தில் 2.2 டயருக்கு 100 முதல் 120 மி.லி. சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்து அடைக்கும் திரவம்) வேண்டும். நம் வெயிலுக்கு அது சீக்கிரம் உலரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வு வழியாக ஒரு குச்சியை விட்டு ஈரம் இருக்கிறதா பாருங்கள். முள் குத்தினால் வழியில் பிடுங்க வேண்டாம், அதுவே அடைப்பானாக இருக்கும். வீட்டுக்கு வந்து பிடுங்கி, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தை வைத்தால் சீலன்ட் அடைத்துக்கொள்ளும். சாதாரண ரிம்தான் என்றால், உள்ளூசி கழற்றக்கூடிய வால்வு உள்ள டியூப் வாங்கி அதற்குள்ளேயே சீலன்ட் ஊற்றலாம். நெருஞ்சிக்கு அது போதும், கருவைக்குப் போதாது. டியூப் மாற்றும்போது டயருக்குள் விரலை விட்டு முள் தேடாதீர்கள். ஒரு பழைய துணியைச் சுற்றி இழுங்கள், முள் இருக்கும் இடத்தில் துணி மாட்டும்.

எழுபது கிலோ ஆளுக்கு டியூப்லெஸ்ஸில் முன்னால் 22 முதல் 24 பிஎஸ்ஐ, பின்னால் 25 முதல் 27. டியூப் போட்டிருந்தால் 28 முதல் 32. கொள்ளிடம் ஓர மணலுக்கு டியூப்லெஸ் என்றால் 16 முதல் 18 வரை இறக்கலாம், ஆனால் தார்ச்சாலைக்கு வந்ததும் ஏற்றிவிட வேண்டும். கிராமத்துப் பஞ்சர் கடையில் கம்ப்ரசர் உண்டு, ஆனால் அது மோட்டார் பைக் வால்வுக்குத்தான் பொருந்தும். மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் சுண்டுவிரல் நுனி அளவுள்ள பித்தளை அடாப்டர் ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும். கம்ப்ரசரில் ஒரு நொடி அதிகமாகப் பிடித்தாலும் டயர் ரிம்மை விட்டுக் கழன்று வெடிக்கும். விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

கியர் பற்றி அதிகம் கவலை வேண்டாம். சமவெளிதானே என்று முன்பல்லைப் பெரிதாக்குகிறார்கள். 32 முன்பல், 11 பின்பல், 29 அங்குலச் சக்கரம், நிமிடத்துக்கு 80 சுற்று என்றாலே மணிக்கு 32 கிலோமீட்டர் வரும். மண்கரையில் அதற்கு மேல் யாருக்கும் வேண்டாம். முன் போர்க்கும் (அதிர்வு தாங்கும் முன் கால்) 100 மி.மீ. அமுங்கினால் தாராளம். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மேற்கே போய்விட்டுக் கிழக்கே திரும்பும்படி வழியை வகுத்துக்கொண்டால் களைத்த நேரத்தில் காற்று முதுகில் இருக்கும்.

வைக்கோலைத் தனியாகச் சொல்ல வேண்டும். குறுவை அறுப்பு செப்டம்பர், அக்டோபரிலும் சம்பா, தாளடி அறுப்பு ஜனவரி, பிப்ரவரியிலும் வரும்போது கரைச் சாலையிலேயே நெல்லும் வைக்கோலும் காயும். நெல்மேல் ஏற்றுவது பெரும் தவறு, இறங்கித் தள்ளிப் போங்கள். வைக்கோல் தாள் ஒன்று கேசட்டுக்கும் ஸ்போக்ஸுக்கும் நடுவே நுழைந்தால் கயிறாக முறுக்கிக்கொள்ளும். கடைசிப் பெரிய கியர் விழாமல் செயின் தாவினால் ஹேங்கர் வளைந்ததோ என்று பயப்படும் முன் அங்கே பாருங்கள். டூத் பிரஷ்ஷும் சின்ன கத்தியும் போதும்.

அறுத்த வயல் காலியாகத் தெரியும், காலி அல்ல. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே நிற்கும் பயிருக்குள் உளுந்தோ பயறோ தெளித்திருப்பார்கள். தாளுக்கு நடுவே இரண்டிலையாக முளைத்திருக்கும். வயலுக்குள்ளும் வரப்பிலும் வண்டி இறங்கவே கூடாது. வரப்பில் நண்டு வளையும் எலி வளையும் இருக்கும், சக்கரம் அமுங்கி உடைந்தால் மேல் வயல் தண்ணீர் கீழே போய்விடும். கரையில் அறுப்புக்காரர்களோ ஆடு மேய்ப்பவர்களோ எதிரே வந்தால் இருபது அடி முன்பே வேகத்தைக் குறைத்து, “அண்ணே, இந்தக் கரை எதுவரைக்கும் போகுது?” என்று கேளுங்கள். எந்த மதகு உடைந்திருக்கிறது, எங்கே முள் அடைத்திருக்கிறார்கள் என்பது மேப்பில் வராது, அவர்களுக்குத் தெரியும்.

வழிகளில் முதலில் பழக ஏற்றது கல்லணையிலிருந்து கிழக்கே போகும் கரைகள். கல்லணைக் கால்வாயை நம் பக்கம் புது ஆறு என்பார்கள். அதன் கரை நேரானது, வழி தவறாது. ஆனால் சரிவுக்கு சிமென்ட் போட்ட பகுதிகளில் தண்ணீர் ஓடும்போது விழுந்தால் பிடித்து ஏற ஒன்றும் இருக்காது. ஆகவே தண்ணீர் பக்கத்து ஓரத்தை விட்டு உள்ளே ஓட்டுங்கள். கொள்ளிடத்தின் கரை இன்னும் அழகு, ஆனால் படுகைக்குள் இறங்குவது வேறு விஷயம். காவிரியின் வெள்ள உபரி பெரும்பாலும் முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில்தான் திரும்பும். மேட்டூர் 120 அடியை நெருங்குகிறது என்று செய்தி வந்தால் படுகைப் பக்கம் போகவே வேண்டாம். வறண்ட நாளிலும் மணல் அள்ளிய குழிகள் காற்றில் மேலோட்டமாக மூடிக் கிடக்கும்.

மேடு பள்ளம் வேண்டும் என்பவர்களுக்கு வல்லம், செங்கிப்பட்டி செம்மண் மேடுதான் டெல்டாவின் விளிம்பில் இருக்கும் நல்ல இடம். மழைநீர் அறுத்த ஓடைகளில் குட்டையான செங்குத்து ஏற்றங்கள் கிடைக்கும். உருளும் சரளையில் முன் பிரேக்கைத் திருப்பத்துக்கு முன்பே பிடித்து முடித்துவிட வேண்டும், திருப்பத்தின் நடுவில் பிடித்தால் முன் சக்கரம் வழுக்கும். தஞ்சாவூர், மன்னார்குடி சாலையில் உள்ள வடுவூர் ஏரி 2022-ல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பறவைகள் கூடும் காலத்தில் வண்டியைச் சாலையில் நிறுத்திவிட்டுக் கரையில் நடப்பதே முறை. வீராணம் ஏரிக்கரை தார்ச்சாலை, வண்டிப் போக்குவரத்து அதிகம். மண்பாதை தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்.

கோடியக்கரை தனி உலகம். உலர் பசுமைக்காடு, வெளிமான், உப்புச் சதுப்பு எல்லாம் ஒரே இடத்தில். சரணாலயத்துக்குள் சைக்கிளை விடுவார்களா என்பதை வனத்துறை அலுவலகத்தில் முன்பே கேட்டு, அனுமதித்த தடத்தில் மட்டும் போக வேண்டும். சதுப்பின் மேல் காய்ந்த வெள்ளைத் தோல் கெட்டி போலத் தெரியும், சக்கரம் ஏறியதும் உடைந்து முழங்கால் சேறு. அங்கிருந்து வந்த வண்டியை அன்று மாலையே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், மறுநாள் என்று தள்ளினால் ஸ்போக்ஸ் நிப்பிளும் போல்ட்டும் வெளுத்துப் பூக்கத் தொடங்கும். மோட்டார் பைக் வாட்டர் சர்வீஸில் கொடுக்காதீர்கள், அந்த அழுத்தத் தண்ணீர் சக்கர ஹப், பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட் பேரிங்குக்குள் உப்பையே தள்ளி விடும். வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றி, துணியால் துடைத்து, செயினைக் காயவைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை சீட் போஸ்ட்டைக் கழற்றிக் கிரீஸ் தடவாவிட்டால் பிரேமோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

நிஜ மலைதான் வேண்டும் என்றால் பக்கத்தில் இருப்பது பச்சைமலை. துறையூர் போய் சோபனபுரம் வழியாக டாப் செங்காட்டுப்பட்டிக்கு ஏறலாம். டெல்டாவில் ஓட்டிய வண்டியை அங்கே கொண்டுபோகும் முன் பிரேக் பேடைக் கழற்றிப் பாருங்கள். களிமண்ணும் மணலும் சேர்ந்து உப்புத்தாள் மாதிரி அரைத்திருக்கும், சமவெளியில் அது தெரியவே தெரியாது. உராயும் பொருள் 1 மி.மீ.க்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள். மெட்டல் பேடாக இருந்தால் சேற்றில் இன்னும் நாள் தாங்கும். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வராமல், அழுத்திப் பிடித்து விட்டு, மறுபடி பிடித்து விட்டு இறங்க வேண்டும். புதுப் பேட் போட்டிருந்தால், வீட்டருகே நல்ல வேகத்திலிருந்து நடைவேகத்துக்கு வரும்வரை பதினைந்து இருபது முறை பிடித்துப் பழக்கிய பிறகுதான் மலைக்கு எடுத்துப் போக வேண்டும்.